நரியின் தலையில் ஒரு சுழி

உ

வேலம்பாளையம்
8.1.2025

அம்மிணிக்கு அண்ணன் சசிகுமார் எழுதுவது.

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் சௌக்கியத்தை விசாரிக்கச் சொன்னது உன் அண்ணி அன்புசெல்வி, நான் இல்லை. டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கப்புறம் வந்து “அண்ணா, டப்ளின் போறேனுங்க” என்று நீ சொன்ன அன்றைக்கே, இனி உன்னோடு பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகப் பேசவில்லை. பேசப்போவதும் இல்லை. மெயிலில் எழுதுவது வேறு. தொழில் என்று வந்துவிட்டால் எழுதித்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகள் ஸ்வெட்ஷர்ட்டுக்கு ஆறு மிருகம் எம்ப்ராய்டரி டிசைன் கேட்டார்கள். ஆந்தை, யானை, முயல், ஆமை, நரி, கரடி. ஆந்தை மிருகமா என்று நீ ஆரம்பிக்காதே. ஆறும் பாஸானால் வருடம் முழுக்க நமக்கு வேலை. இல்லையென்றால் பெரிய யூனிட் ஒன்றுக்குப் போய்விடும். இரண்டே மெஷின் வைத்திருக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போன வாரம் ஆந்தையை மெயிலில் அனுப்பினேன். அங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நித்தீஷ் என்பவர் உடனே போன் செய்தார். “ஏனுங்கண்ணா, டிசைன் கேட்டா கடுதாசி அனுப்பியிருக்கீங்க?” என்றார். போய்ப் பார்த்தால் திரை முழுக்க எழுத்து. முதல் நாலு வரி ஏதோ கணக்கு, அதற்குக் கீழே கொசு அடித்துப் போட்டதுபோல் புள்ளியும் கோடும். என் ஃபைல் பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் என்று ஒரு வாலும் முளைத்திருக்கிறது. இங்கிருந்து போகும்போது ஆந்தை, அங்கே போனால் எழுத்து.

நம் யூனிட்டுக்கு உன் கம்பெனி மெயிலைத்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் நீ. இப்போது நீயே பதில் சொல்.

இப்படிக்கு,
பேசாத அண்ணன்

*

டப்ளின்
11.1.2025

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தேவிப்பிரியாவின் வணக்கம்.

மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. விசாரித்த அண்ணிக்கு நன்றி. விசாரிக்காத அண்ணனுக்கும் நன்றி.

உங்கள் ஆந்தையை எழுத்தாக்கியது எங்கள் மெயில்தான். ஒத்துக்கொள்கிறேன். ஏன் அப்படிச் செய்தது என்று இரண்டு நாளாகத் தோண்டிப் பார்த்தேன், எனக்கே சுவாரசியமாகப் போய்விட்டது.

ஒரு ஃபைலை நீங்கள் இணைத்தால், வெளியே இருக்கிற பெயரை எங்கள் மெயில் நம்புவதில்லை. படம் என்று பெயர் வைத்து வைரஸை அனுப்புகிறவர்கள் ஏராளம். அதனால் பெயரை விட்டுவிட்டு ஃபைலின் தலையைப் பார்க்கும். காதர்பேட்டையில் பண்டல் மேல் ஒட்டிய சீட்டை நம்பாமல், ஓரத்தைக் கிழித்து ஒரு பனியனை உருவிப் பார்த்துத்தானே வியாபாரி விலை பேசுவார், அதேதான். உருவிப் பார்த்த பனியனை வைத்து இது டெக்ஸ்ட், இது படம், இது பாட்டு என்று முடிவு கட்டிவிடும்.

உங்கள் டிசைன் ஃபைலில் தலை மட்டும் வெறும் எழுத்து. நீங்களே பார்க்கலாம். ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்.ஏ. என்று தொடங்கி டிசைனின் பெயர், எத்தனை தையல், எத்தனை தடவை நூல் மாறும் என்று வரிசையாக இருக்கும். ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்ற சங்கதி எல்லாம் அதற்குக் கீழே. எங்கள் மெயில் தலையை மட்டும் பார்த்து எழுத்து என்று சொல்லிவிட்டது. பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

இதைச் சரிசெய்ய ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஃபைலை ஜிப்பில் கட்டி அனுப்புங்கள். கட்டு பிரியாமல் போய்ச் சேரும்.

என் அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று இங்கே கேட்டார்கள். படத்தைப் பார்த்து ஊசிக்கு வழி சொல்கிறவர் என்றேன். அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அன்புடன்,
பிரியா

*

உ

வேலம்பாளையம்
20.1.2025

அம்மிணிக்கு,

பொங்கல் முடிந்தது. உன் அண்ணி இரண்டு தடவை பொங்கல் வைத்தாள், சர்ச்சில் ஒன்று, வீட்டில் ஒன்று. நான் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு சௌக்கியமாக இருக்கிறேன். உன் மூக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கிறாள்.

ஜிப் போய்ச் சேர்ந்தது. ஆந்தை பாஸ். ஆனால் நித்தீஷ், “இந்த ஒரு தடவைதானுங்கண்ணா. ஜிப்பெல்லாம் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் உள்ள உடமாட்டேங்குதுங்க” என்கிறார். அதனால் நீ சீக்கிரம் சரிசெய்.

மீதி ஐந்துக்கும் படத்தைத் தையலாக மாற்றும் பஞ்சிங் வேலையை முடித்துத் தயாராக வைத்துவிட்டேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒவ்வொன்றாகக் கலரை ஓகே செய்வார், அப்போதைக்கப்போது அனுப்பினால் போதும். நீ சோதித்துப் பார்க்க ஆறையும் ஒரே ஜிப்பில் கட்டி இதோடு வைத்திருக்கிறேன். நரியின் வாலைப் பார். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். மெஷின் ஆபரேட்டர் வெள்ளியங்கிரி, “தொட்டா மசுரு கையில ஒட்டறாப்புல இருக்குதுங்க” என்றார்.

நோட்பேடில் திறந்தும் பார்த்தேன். பதினெட்டு வருடமாக இந்த ஃபைலைச் செய்கிறேன். அதன் தலையை இப்போதுதான் பார்க்கிறேன். உன்னை ஒரு கேள்வி கேட்கிறேன், எழுத்தில்தான். பெயரும் பொய் சொல்லும், தலையும் ஏமாற்றும் என்றால் எதை வைத்து நீ முடிவு செய்வாய்?

அண்ணன்

*

டப்ளின்
16.2.2025

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

மூக்கு சரியாகிவிட்டது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். இங்கே வெயில் வந்தது. அரைமணி நேரம் இருந்தது.

உங்கள் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து எங்கள் கூட்டத்தில் கேட்டேன். கடைசியில் முடிவானது இது: பெயரையும் பார், தலையையும் பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார். அப்படியே மாற்றி எழுதினோம். சோதிக்க உங்கள் ஆறு ஃபைலையும்தான் எடுத்துக்கொண்டோம். ஆறும் இப்போது டிசைனாகவே போகின்றன. என் மேலதிகாரியின் திரையில் இரண்டு வாரமாக உங்கள் நரிதான் உட்கார்ந்திருக்கிறது.

இனி ஜிப் வேண்டாம். யானையை அப்படியே அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். பேச வேண்டாம், எழுதினால் போதும்.

பிரியா

*

டப்ளின்
12.3.2025

அண்ணா,

எல்லோரும் நலமா? நான் நலம்.

யானை போனதா என்று ஒரு வரி கேட்டிருந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் கேள்வியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன் என்று கோபமா? ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணியிடம் கேட்டால், “நல்லாருக்கோம் அம்மிணி, உங்க அண்ணன் மெஷின்ல இருக்காரு” என்கிறார். பின்னால் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

சரி. நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குப் பழகிப்போனதுதான். எழுதாமலும் இருப்பது என்று முடிவு செய்திருந்தால் அதையாவது எழுதிச் சொல்லுங்கள். எனக்கும் ரோஷம் உண்டு.

பிரியா

*

உ

வேலம்பாளையம்
2.4.2025

அன்புள்ள அம்மிணிக்கு உன் அண்ணன் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையில் நாங்கள் எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே குளிர் குறைந்துவிட்டதா? தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டுதானே வெளியே போகிறாய்? வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

யானை அன்றைக்கே போய்ச் சேர்ந்து பாஸாகிவிட்டது. அதற்குப் பிறகு முயலை அனுப்பினேன், ஆமையை அனுப்பினேன். இரண்டும் பழையபடி எழுத்தாகவே போயிருக்கின்றன. நித்தீஷ் தம்பி நல்ல மாதிரிதான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. சித்திரை பிறப்பதற்குள் முயல், ஆமை, நரி மூன்றும் ஒழுங்காக வரவில்லை என்றால் வேலையை வேறு யூனிட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். இந்த வேலை போகக்கூடாது அம்மிணி. இப்போது போகவே கூடாது. ஏதாவது செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அண்ணன்
சசிகுமார்

*

டப்ளின்
4.4.2025

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம். நான் நலம். குல்லா போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று எழுத மாட்டேன், எழுதினால் மிதப்பு வந்துவிடும்.

ஆனால் விஷயம் புரியவில்லை. யானை போயிருக்கிறது, முயல் போகவில்லை. எங்கள் பக்கம் நடுவில் எதையும் மாற்றவில்லை. உலகத்தில் வேறு யாரும் இப்படிப் புகார் செய்யவும் இல்லை. அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினீர்களா? பஞ்சிங் சாப்ட்வேரை மாற்றினீர்களா? முயலை அனுப்புவதற்கு முன் என்ன என்ன செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அடுத்து அனுப்ப வேண்டியது நரிதானே. அதை நித்தீஷுக்கு அனுப்பாமல் முதலில் எனக்கு அனுப்புங்கள். நானே பிரித்துப் பார்க்கிறேன்.

பிரியா

*

உ

வேலம்பாளையம்
10.4.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

கம்ப்யூட்டரும் மாற்றவில்லை, சாப்ட்வேரும் மாற்றவில்லை. எப்போதும் செய்வதைத்தான் செய்கிறேன். நீ எழுதியபடி ஃபைலைத் திறந்து பார்த்து மூடிவிட்டு அனுப்புகிறேன். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நேற்று வெள்ளியங்கிரி நரியை நம் மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று பென் டிரைவில் போட்டார். “ஏனுங்க, இந்த நரி மெஷினுக்குள்ளயே போகமாட்டேங்குதுங்க” என்கிறார். முயலும் அப்படித்தான், ஆமையும் அப்படித்தான். அப்படியென்றால் மெயில்மேல் மட்டும் பழி சொல்ல முடியாது இல்லையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நரியை இதோடு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சித்திரை ஒன்று. பார்த்துச் சொல்.

அன்புடன் அண்ணன்
சசிகுமார்

*

டப்ளின்
11.4.2025

அண்ணிக்குப் பிரியாவின் வணக்கம்.

ஆமாம், உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலை. முயல், ஆமை, நரி, கரடி நான்கும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. ஜனவரியில் அண்ணா சோதனைக்கு என்று ஜிப்பில் கட்டி அனுப்பியவை. கெடாமல் அப்படியே என்னிடம் இருந்தன. எதையும் திறக்காமல் முதல் மூன்றையும் இன்றைக்கே நித்தீஷுக்கு அனுப்பிவிடுங்கள். போய்ச் சேரும்.

இப்போது நரி. ஜனவரியில் வந்த நரியையும் நேற்று வந்த நரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிய நரி பெருத்திருந்தது. உள்ளே பார்த்தால், எல்.ஏ. என்று தொடங்க வேண்டிய இடத்துக்கு முன்னால், முதல் எழுத்தாக, ஒரு பிள்ளையார் சுழி.

நோட்பேடில் திறந்து, சுழி போட்டு, சேமித்திருக்கிறீர்கள். நோட்பேடுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். தலைக்குக் கீழே இருந்த தையலை எல்லாம் எழுத்து என்று எண்ணி, தனக்குத் தெரிந்த மாதிரி திருப்பி எழுதிவிட்டது. ஊசிக்கு அது புரியாது. இந்தத் தடவை எங்கள் மெயில் தப்புச் செய்யவில்லை அண்ணி. எழுத்து என்று சொன்னது, அது எழுத்தாகத்தான் ஆகிவிட்டிருந்தது. சேமிக்காதீர்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும். அண்ணாவுக்குத் தெரியும் என்பதால் எழுதவில்லை.

அண்ணாவுக்குத் தெரியும். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணா எதைத் தொடங்கினாலும் சுழி போடுகிறவர். டீக்கடை பாக்கிச் சீட்டிலும் போடுவார். ஆனால் டிசைன் ஃபைலைத் திறந்து அதில் ஒரு புள்ளி வைக்கிற ஆள் அவர் இல்லை. இதைச் செய்தவருக்கு அண்ணாவின் வழக்கம் நன்றாகத் தெரியும், அண்ணாவின் வேலை தெரியாது. அந்த வீட்டில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

உடனே இந்த மாதக் கடிதங்கள் இரண்டையும் எடுத்துப் படித்தேன். மேலே சுழி, கீழே சசிகுமார் என்று பெயர். இரண்டும் சரி. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அண்ணா ஒரு தடவைகூட என் குளிரைப் பற்றிக் கேட்டதில்லை. ஆண்டவர் கிருபை என்று எழுதியதில்லை. உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லவே மாட்டார், இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார்.

இப்போதே போன் செய்திருப்பேன். செய்தால் “மெஷின்ல இருக்காரு அம்மிணி” என்பீர்கள். நானும் நம்பிவிடுவேன், எனக்கு நம்பத்தான் ஆசை. அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுத்தில் நீங்கள் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அண்ணா எங்கே?

பிரியா

*

†

வேலம்பாளையம்
12.4.2025

என் அன்புள்ள அம்மிணிக்கு அண்ணி அன்புசெல்வி எழுதுவது. உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார், பக்கத்து அறையில் தூங்குகிறார். இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விடு. அப்புறம் மீதியைப் படி.

யானையை அவரே அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் பிப்ரவரி கடைசியில், சிவராத்திரிக்கு முதல் நாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. என்னங்க என்று கேட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வெள்ளியங்கிரி அண்ணன்தான் வண்டி பிடித்து வந்தார், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு. கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை இன்னும் வரவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றது அவர்தான். ஆஸ்பத்திரியில் என் போனை வாங்கி, இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். “பிரியாகிட்டச் சொல்லாதே.” ஏனுங்க என்றேன். ரொம்ப நேரம் எடுத்து மறுபடி அடித்தார். “வேலைய உட்டுட்டு வந்துருவா.” நீ போனதுக்குத்தான் மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிற மனுஷன்! எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீயும் அவரை போனில் கேட்க மாட்டாய். அதனால் மறைப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை அம்மிணி. அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ செய்கிறது.

டிசைன் எல்லாம் அவர் முடித்து வைத்திருந்ததால் அனுப்புவது மட்டும்தானே, நானே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆள் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் வேலையை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு. உன் பழைய கடிதத்தை எடுத்து, நோட்பேடில் திற என்று எழுதியிருந்தபடி முயலைத் திறந்தேன். தலை மொட்டையாக இருந்தது. சுழி இல்லை. எங்கள் கல்யாணத்தன்று சர்ச் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓரத்தில் சின்னதாகச் சுழி போட்டுவிட்டு ஃபாதர் முகத்தைப் பார்த்தவர் அவர். அவர் ஃபைலில் சுழி இல்லாமல் இருக்குமா? ஆமையைத் திறந்தேன், இல்லை. நரியிலும் இல்லை. மறந்துவிட்டார் போல, அதனால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். நான் சிலுவை போடுகிறவள்தான். அவர் வேலைக்கு அவர் சுழிதானே வேண்டும். ஒவ்வொன்றிலும் போட்டேன்.

நல்லது என்று நினைத்துச் செய்தேன். அவர் ஒரு வாரம் மல்லுக்கட்டிய வாலை நானே அழித்திருப்பேன்.

நீ அனுப்பச் சொன்ன மூன்றும் போய்ச் சேர்ந்தன. நித்தீஷ் தம்பி இப்போதுதான் போன் செய்தார். “மூணும் ஓப்பனாயிருச்சுங்கக்கா, வேலை உங்களுக்குத்தானுங்க” என்றார். அவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கக்கா” என்று வருத்தப்பட்டார்.

இன்னொன்று. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். இத்தனை நாளும் வெறும் சத்தம்தான். நேற்று ஒரு வார்த்தை வந்தது. என்ன வார்த்தை என்று நான் எழுத மாட்டேன். இன்றைக்கு மறுபடி சொல்லச் சொல்லி என் போனில் பதிந்து இதோடு வைத்திருக்கிறேன். அவரைக் கேட்டுத்தான் அனுப்புகிறேன், தலையாட்டினார். என் பெயர் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இப்போது போன் செய்யாதே. பதில் சொல்ல முடியவில்லை என்றால் ஆத்திரப்பட்டு மூச்சு முட்டிக்கொள்கிறார். அவரே சொல்லும்வரை பொறு. நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. உனக்கும் சேர்த்து ஒரு ஓலை வாங்கி வருகிறேன்.

உன் அண்ணி

*

டப்ளின்
13.4.2025

அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் உள்ளே போய்ப் பார்த்துவிடுவீர்கள். அழுதுகொண்டிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியதை எங்கள் மெயில் வீடியோ என்று சொன்னது. அண்ணாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாகத் திறந்தேன். கறுப்புத் திரை. ஒன்றுமே இல்லை. மறுபடி திறந்தேன், கறுப்புதான். அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. போனில் குரலைப் பதிந்தாலும் படத்தைப் பதிந்தாலும் பல நேரம் ஒரே மாதிரி பெட்டியில்தான் போட்டு வைக்கும். தலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இதைப் பிழை என்று நான் ஆபீஸில் பதிய வேண்டும். இன்னும் பதியவில்லை.

சத்தத்தைக் கூட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் மின்விசிறி. அப்புறம் நீங்கள், “சொல்லுங்க, நேத்துச் சொன்னீங்கல்ல.” அப்புறம் ரொம்ப நேரம் மூச்சு மட்டும். அப்புறம் அண்ணா.

“அம்... மிணி.”

எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. மூன்று வருடமாக என்னோடு பேச மாட்டேன் என்கிறாரே என்று நானும் விறைப்பாகவே இருந்துவிட்டேன் அண்ணி. ஞாயிறுதோறும் போன் செய்தேனே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணாகிட்டக் கொடுங்க என்று கேட்டிருக்கலாம். பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரால் பேச முடியாமல் இருந்திருக்கிறது.

நரியை நீங்கள் அழிக்கவில்லை. அதன் வால் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சுழி போட்ட நரியையும் நான் அழிக்கப்போவதில்லை, என்னிடமே இருக்கட்டும்.

வைகாசியில் வருகிறேன், மூன்று வாரம் லீவு. வேலையை விடவில்லை என்று சொல்லுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் எடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன், வேண்டுமானால் இன்னொரு மூன்று வருடம் பேசாமல் இருக்கட்டும். அவர் சொல்லும்வரை போன் செய்ய மாட்டேன்.

உங்கள் பெயரும் வரும் அண்ணி.

பிரியா

*

உ

வேலம்பாளையம்
9.5.2025

அம்மிணி,

இடது கை. அதனால் சுருக்கம்.

நான் பரவாயில்லை. உன் சௌக்கியத்தை நான்தான் கேட்கிறேன்.

நரி தைத்தாச்சு. வால் சரி. கரடியும் பாஸ்.

உன் அண்ணி பெயர் போன வாரம் வந்தது. பாதிதான். அன்பு மட்டும். போதும் என்கிறாள்.

பேச மாட்டேன் என்றேன். பேசிவிட்டேன். நான்தான் தோற்றேன்.

ஞாயிறு போன் செய். அண்ணியிடம் கேட்டு என்னிடம் கொடுக்கச் சொல்.

மெதுவாகப் பேசு. என் பதில் வர நேரமாகும். வைத்துவிடாதே.

அண்ணன்